தாவச் சொல்ல ஆளில்லாத தவளை

மதிப்பிற்குரிய அக்கா ஏலவார்குழலி அவர்களுக்கு,

காஞ்சிபுரத்திலிருந்து தம்பி லோகேஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ஜீவிதாவும் மகள் அபியும் காமாட்சியம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். திருமுக்கூடலில் நீயும் மாமாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீ என் நம்பரை பிளாக் செய்து ஒன்றரை வருஷமாகிறதே! பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிற அக்காவுக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடுகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான். தபாலாபீஸில் கவர் கேட்டபோது அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானக் கடிதம் கிடையாது. கிரகப்பிரவேசப் பத்திரிகையில் மாமா பெயர் விட்டுப்போனது அச்சகத்துக்காரன் செய்த தப்பு. அதை நூறு தடவை சொல்லியாகிவிட்டது, நூற்றியோராவது தடவை சொல்வதாக இல்லை. நீ விசேஷத்துக்கு வராமல் இருந்தாய், நானும் வந்து கூப்பிடவில்லை, சரிக்குச் சரி. இது வேறு விஷயம். தொப்பித் தவளை திரும்பி வந்திருக்கிறது.

ஆமாம், நம்ம தொப்பித் தவளைதான். மஞ்சள் கேசட். டிவி கேமில் செருகி, படம் வராவிட்டால் உருவி வாயால் ஊதி மறுபடியும் செருகுவோமே, அதே ஆட்டம். இப்போது அதையே புதுசாகச் செய்து, கையில் பிடித்து ஆடுகிற சின்னப் பெட்டிக்கு விட்டிருக்கிறார்கள். அபி ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும் வாங்கிய முதல் பொருள் அதுதான். "அப்பா, சின்ன வயசுல ஆடுனேன்னு சொல்லிக்கினே இருப்பியே, இந்தா" என்று கையில் வைத்தாள். அடேயப்பா! அன்றைக்கு நாலு பச்சைக் கட்டமாக இருந்த தவளைக்கு இன்றைக்குத் தோலில் ஈரம் தெரிகிறது, தொப்பியில் தையல் தெரிகிறது. ஆனால் பாட்டு மட்டும் அதே பாட்டு. டிங்கு டிங்கு டிடிங்கு. பிள்ளையார்பாளையம் வீட்டில் தறிச் சத்தத்தை மீறிக் கேட்கணும் என்று நீ சவுண்டைக் கூட்டுவாயே, அது அப்படியே காதில் வந்து நின்றது. ஆட்டத்தை ஆரம்பிக்காமல் அந்தப் பாட்டையே மூன்று தடவை கேட்டேன் அக்கா, பொய் சொல்லவில்லை.

மறுநாள் என் ஜெராக்ஸ் கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன். அங்கேதான் வந்தது வினை. தவளையை நடக்கவிட்டால் தாவ மாட்டேன் என்கிறது, தாவவிட்டால் நடக்க மாட்டேன் என்கிறது. அப்புறம்தான் உறைத்தது. நமக்கு வந்த இரண்டு ரிமோட்டில் ஒன்று வாங்கின வாரமே செத்துப்போனது, ஞாபகம் இருக்கிறதா? அப்பாவும் பாண்டியன் சித்தப்பாவும் கோர்வைப் புடவை நெய்துகொண்டிருந்த வீடு அது. புடவையின் உடலுக்கு நூல் நாடா தள்ள அப்பா, கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் சித்தப்பா, ஒருத்தர் கை நின்றால் மற்றவர் கையும் நிற்கும். அதையே பார்த்து வளர்ந்த நாம் மிச்சமிருந்த ரிமோட்டை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டோம். இடப்பக்க அம்புக்குறி உனக்கு, வலப்பக்கத் தாவும் பட்டன் எனக்கு. "தாவுடா" என்று நீ சொன்னால்தான் என் கட்டைவிரல் அமுங்கும். உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறார்கள் என்றல்லவா இருந்தேன்! ஒருத்தரே இரண்டு கையாலும் ஆடுகிற ஆட்டம் அது என்பது, அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த பிறகு, இந்த நாற்பத்து மூன்று வயதில்தான் எனக்குத் தெரிகிறது.

இடது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. தவளை பள்ளத்தில் விழுந்த எரிச்சலில், ஆதார் அட்டைக்கு நாலு காப்பி கேட்ட அம்மாவுக்கு நாற்பது போட்டுத் தந்தேன். பக்கத்து டீக்கடை சிவராஜைக் கூப்பிட்டு இடப்பக்கம் பிடிக்கச் சொன்னேன். பெட்டியோ சின்னது, நாங்களோ பெரியவர்கள். கன்னத்தோடு கன்னம் ஒட்டினால்தான் இரண்டு பேருக்கும் திரை தெரிகிறது, அவன் மீசை என் காதைக் குத்துகிறது. பத்திர நகல் எடுக்க வந்த பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு, "நான் அப்பறமா வர்றேன்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். சிவராஜுக்கு, ஆட்டத்தில் வழியெல்லாம் கிடக்கிற பழத்தைப் பொறுக்குவதில்தான் குறி. "அங்க ஒண்ணு இருக்குதுபா, அங்க ஒண்ணு இருக்குதுபா" என்று பள்ளத்துக்குள்ளேயே இறக்கிவிடுகிறான். வீட்டுக்கு வந்து ஜீவிதாவிடம் கொடுத்தேன். அவள் தவளையை ஒரு குளத்தங்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். நடத்தும்மா என்றால், "எங்க போவணும் அது? நல்லாத்தானே நின்னுக்கினு இருக்குது, வுடேன்" என்கிறாள். இவளோடு எப்படி அக்கா பாலம் தாண்டுவது?

ஆகவே தனியாகவே பழகினேன். எட்டு ஸ்டேஜ் முடித்தேன். நீ கல்யாணமாகிப் போகிற வரைக்கும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து தாண்ட முடியாத அந்தக் கடைசி மரப்பாலத்தையும் நேற்று தாண்டிவிட்டேன். தவளைக்கு முடிசூட்டினார்கள், வாணவேடிக்கை விட்டார்கள். பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆடணுமே என்று டிவியை அணைக்காமல் துண்டு போட்டு மூடிவிட்டு ஸ்கூலுக்குப் போவோமே, அந்தத் தொல்லையும் இப்போது இல்லை. விட்ட இடத்தைப் பெட்டியே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மொத்தத்தில் உன் உதவி எனக்குத் தேவைப்படவில்லை என்பதைத் தெரிவிக்கத்தான் இதை எழுதினேன்.

மாமாவுக்கு என் வணக்கம். இளையவன் நான் உங்களை ஆசீர்வதிக்க முடியாது, அதனால் அந்த வேலையை ஏகாம்பரநாதரிடம் ஒப்படைக்கிறேன். மூட்டு வலிக்கு மருந்தை நிறுத்தாதே.

இப்படிக்கு,
எவர் துணையும் தேவைப்படாத தம்பி,
லோகேஸ்வரன்

பி.கு.: ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதுறேன். அச்சகத்துக்காரன் மேல தப்பு இல்லக்கா. அவன் மாமா பேரோடதான் புரூஃப் குடுத்தான். சிவப்பு பேனாவால அடிச்சது நான்தான். வீடு பாக்க வந்த அன்னைக்கு, "சமையக்கட்டு ஏன்பா இத்தனூண்டு இருக்குது"ன்னு மாமா கேட்டுட்டார், அந்தக் கோவம். சமையக்கட்டு சின்னதுதான். ஜீவிதாவும் தினம் அதைத்தான் சொல்றா. மாமா கால்ல விழுந்து மன்னிப்பு கேக்குறேன், ரெண்டு பேரும் வாங்க. பாலத்தையும் நான் தாண்டலை. முடிசூட்டினது, வாணம் விட்டது எல்லாம் புளுகு. மூணாவது பலகை ஆடும்போது எப்ப அமுக்கணும்னு என் கட்டைவிரலுக்குத் தெரியலை, உன் குரலுக்குக் காத்துக்கினே இருக்குது. பெட்டி ஞாபகம் வெச்சுக்கும்னு அபி சொல்றா, எனக்கு நம்பிக்கை இல்ல. பாலத்து முனையில தவளை நிக்குது, பதினோரு நாளா அணைக்காம சார்ஜர்ல போட்டு மேல துண்டு போத்தி வெச்சிருக்கேன். அபி கத்திக்கினு இருக்குறா. சீக்கிரம் வா அக்கா.