கீழே போட்ட கையெழுத்து

இந்த வருஷத்துப் பெரிய அலை தன்னுடையதுதான் என்று பத்திர எழுத்தர் பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டார். வாய் நிறைய நுரையோடு எடுத்த சபதம்.

அலை என்றால் கால் நனைக்கிற அலை இல்லை. இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பி மொத்தமாக இடிந்து விழுகிற அலை. பலகை கிலகை எதுவும் கிடையாது. காலில் ரப்பர் துடுப்பை மாட்டிக்கொண்டு, வெறும் உடம்பை அதன் சரிவில் கொடுத்து, அது இடிவதற்குள் பக்கவாட்டில் தப்பி வரவேண்டும். பதினேழு வருஷமாக அவர் தப்பி வந்தார். பதினேழு வருஷமாக மனைவி கரையில் நின்றாள். நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள். ஒரு காலத்தில் இதே அலைகளில் இவரைவிட நன்றாக வந்தவள். மகள் பிறந்ததும், இனி இருவரில் ஒருவர் கரையில் நிற்பது என்று பேசிக்கொண்டார்கள். எந்த ஒருவர் என்று பேசவே இல்லை. அது எப்படியோ தானாக முடிவாகியிருந்தது. இப்படித் தானாக முடிவாகிறவை எல்லாம் ஏன் ஒரே பக்கமாகவே சாய்கின்றன என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் இவருடைய கூட்டாளியான முடிதிருத்துநர் யாரிடமும் சொல்லாமல் தனியாக இறங்கினார். மூன்றாம் நாள்தான் கிடைத்தார். அதன் பிறகு கடற்கரைக் காவலர் ஒரு படிவம் கொண்டுவந்தார். மேலே இறங்குபவர் கையெழுத்து, கீழே கரையில் நிற்பவர் கையெழுத்து. நிற்பவர் குடும்பத்து ஆளாக இருக்கவேண்டும். கூட்டாளியை நிறுத்தினால் அவனும் ஆசைப்பட்டு இறங்கிவிடுவானாம்.

சிக்கல் இவருடைய வலது தோளில் இருந்தது. இரண்டு முறை கழன்று மாட்டிய தோள். சட்டை போடும்போதே முகம் அஷ்டகோணலாகும். மனைவி கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

"மூணாவது தடவை உள்ள கழண்டா, கடல் மாட்டி விடாதுங்க."

தோள் என்னுடையது, உயிர் என்னுடையது என்று அவர் வாதாடினார். அப்போ துக்கம் மட்டும் எங்களோடதா என்று கேட்டாள். வாதத்தில் தோற்கும்போது வழக்கமாகச் செய்வதையே அவர் செய்தார். சூழ்ச்சி.

மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் பெற்றோர் இருவரும் பதினாலு இடத்தில் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. காலையில், தொழில் வழக்கப்படி ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டார். நடுவில் காவலரின் படிவத்தைச் செருகி, கீழ்வரியில் மட்டும் ஒரு குறி போட்டார். மேல்வரியில் தன்னுடையதைக் கடற்கரையில் போய்ப் போட்டுக்கொள்ளலாம். அவள் குழம்பு கொதிக்கிற அவசரத்தில் மளமளவென்று போட்டுக் காகிதக் கட்டை நீட்டினாள். உங்களோடதையும் போட்டுடுங்க என்றாள். வெற்றி அவர் கண்ணை மறைத்தது. குறி இருக்கிறதா, இருக்கிறது. இடம் காலியா, காலி. இருபது வருஷம் பழகிய கை தானாகப் போட்டுக்கொண்டே போனது.

மறுநாள் விடிந்ததும், அவசரப் பத்திரம் என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு வந்தார். தண்ணீர் ஈயத்தின் நிறத்தில் இருந்தது. காவலர் படிவத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கையில் ஒரு விசிலைக் கொடுத்தார்.

"கொடிக்கம்பத்துகிட்ட நில்லுங்க. அவங்க வரட்டும்."

"யாரு?"

"இறங்குறவங்க."

பிடுங்கிப் பார்த்தார். மேலே மனைவியின் கையெழுத்து. கீழே, அவரே போட்ட குறியின் மேல், அவருடையது. தவறுதலாகப் போட்டது, செல்லாது என்றார்.

"படிச்சுப் பாத்துட்டுத்தானே போட்டீங்க?" என்றார் காவலர்.

வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அழுகிறவர்களிடம் இவர் கேட்கிற அதே கேள்வி.

மனைவி பழைய ரப்பர் துடுப்புகளோடு வந்துகொண்டிருந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அலையப் பாத்தியா?"

"பதினேழு வருஷமா அத மட்டும்தாங்க பாத்துட்டு இருக்கேன்."

இறங்கிவிட்டாள். முதல் அலையில் அழகாக வந்தாள். இரண்டாவதிலும் வந்தாள். மூன்றாவது அவள் மேலேயே இடிந்தது. விசில் வாயில் இருந்தது. ஊத மூச்சு இல்லை. எண்ணத் தொடங்கினார். ஏழு. பன்னிரண்டு. முடிதிருத்துநரின் மனைவி போன வருஷம் இதே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. பதினெட்டு. இருபத்திரண்டில் ஒரு தலை தெரிந்தது.

முழங்காலில் ரத்தத்தோடு அவள் கரையேறியபோது அவர் மணலில் உட்கார்ந்திருந்தார். இனிமேல் நம்ம வீட்டில் யாருமே கடலில் இறங்க வேண்டாம் என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அவள் முடியைப் பிழிந்தாள்.

"நல்ல முடிவுங்க. நீங்க அப்படியே இருங்க. அலை இன்னும் ரெண்டு நாள் இருக்காம், படிவமும் அதுவரைக்கும் செல்லுமாம். நாளைக்கு வரும்போது மறக்காம ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க."