பட்டுப் புடவைக்குப் பின்னால் ஒரு ஹெல்மெட்

பீரோவில் பட்டுப் புடவைகளுக்குப் பின்னால் ஒரு ஹெல்மெட் இருந்தது. கூடவே ரேஸ் ஓட்டுபவர்கள் போடும் தடிமனான அங்கி.

மூலக்குளம் புருஷோத்தமன் பால் பாக்கெட்டையே இரண்டு தடவை குலுக்கிப் பார்த்து வாங்குகிறவர். அவருடைய சந்தேகம் நேராக மகள் இனியாமேல் போய் உட்கார்ந்தது. லாஸ்பேட்டையில் கல்லூரி, ஸ்கூட்டரில் பறக்கிற பெண். வேறு யாராக இருக்க முடியும்?

"இது யாருது?"

"எனக்குத் தெரியாதுப்பா."

"சுலோ, நீ சொல்லு."

மனைவி சுலோசனா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "அவளை ஒண்ணும் கேக்காதீங்க."

அம்மாவும் மகளும் கூட்டு என்பது புருஷோத்தமனுக்கு ஊர்ஜிதமாகிவிட்டது.

முதலில் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கினார். மறுநாள் இனியா கூடப் படிக்கிற பையனின் பைக்கில் வந்து இறங்கினாள். சாவி உடனே திரும்பி வந்தது.

அடுத்த யோசனை பிரமாதம். சுலோசனா அவ்வப்போது சனி, ஞாயிறில் சென்னையிலுள்ள அக்கா வீட்டுக்குப் போவாள்.

"இவளையும் கூட்டிட்டுப் போ. கண்ணுலயே வச்சிக்க."

திங்கட்கிழமை பேப்பரில் படம்! சென்னையில் பன்னிரண்டு மணி நேர ரேஸ். ஒரே காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்டிய அணியில் ஒரு புதுச்சேரிப் பெண். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. 'வீட்டுக்குத் தெரியாது, பெயர் வேண்டாம்' என்றாராம். மூன்று வருடமாக ஓட்டுகிறாராம்.

"அப்போ பிளஸ் டூ படிக்கிறப்பவே ஆரம்பிச்சிட்டியா?" என்று அலறினார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "நீ அங்க தூங்கிட்டிருந்தியா?"

"பொழுதுக்கும் கண்ணு மூடலீங்க" என்றாள் சுலோசனா, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே.

புருஷோத்தமன் படத்தை மறுபடி பார்த்தார். ஒரே பெண். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

"காலேஜ் போதும். தவளக்குப்பத்துல தங்கச்சி சொன்ன மாப்பிள்ளையை நாளைக்கே வரச் சொல்றேன்!"

இனியா அழுதேவிட்டாள். "அம்மா, இப்பவாவது சொல்லேம்மா!"

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற சுலோசனா வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவன் கையில் பெரிய பொட்டலம்.

"சார், ரேஸ் மேடம் வீடுதானே? மெக்கானிக் வந்திருக்கேன். புது சீட்டு அளவு பாக்கணும்."

"வாய்யா, வா! அது என்ன சீட்டு?"

"மூணு பேரும் ஒரே காரை ஓட்டுறாங்கல்ல சார், ஆளாளுக்கு உடம்பு அச்செடுத்துத் தனி சீட்டு. ஒருத்தரோடது இன்னொருத்தருக்கு ஆவாது."

புருஷோத்தமனுக்குச் சாட்சி வீடு தேடி வந்துவிட்டது. சீட்டைக் கூடத்து நடுவில் வைக்கச் சொன்னார்.

"உக்காருடி! இப்பத் தெரிஞ்சிடும்."

இனியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் தலையணை வைக்கலாம் போல இடம் கிடந்தது. புருஷோத்தமன் குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். பிறகு அவரைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"மேடம், சாம்பாரை இறக்கி வச்சிட்டு வாங்க. இடுப்புல பிடிக்குதுன்னு சொன்னீங்களே, சரி பண்ணிட்டேன்!"