கேஜ் அண்ணனின் சிவப்புக் கொடி

ஒரு ஸ்கூட்டர் சக்கரத்தில் காற்று இறங்கியதற்காக ஒரு பேருந்து நிறைய ஆட்களை நடுச்சாலையில் நிறுத்தி வைப்பது நியாயமா? இக்கேள்வியை எனக்குள் எழுப்பியவர் கேஜ் அண்ணன். நெய்வேலி முழுவதும் தேடினாலும் காற்றை அவரளவுக்கு மதித்த இன்னொருவரைக் காண முடியாது.

சுரங்கத்தில், ஆளைவிட உயரமான டம்பர் லாரி டயர்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். பிறர் பேனா செருகும் சட்டைப்பையில் அவர் காற்றழுத்தம் பார்க்கும் கேஜைச் செருகியிருப்பார். திருமண வரவேற்புக்குச் சென்றால், மணமக்களைப் பார்ப்பதற்கு முன்பே மாப்பிள்ளையின் காரை நலம் விசாரித்துவிடுவார். எங்கள் பிளாக்கில் ஒரு துக்க வீட்டின் முன்பு, அமரர் ஊர்தியின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்தவரை யாரோ கடிந்துகொண்டார். அண்ணன் நிதானமாகச் சொன்னார்:

"போறவருக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. ஏத்திக்கினு போறவங்க திரும்பி வரணுமில்ல?"

எங்கள் பிளாக்கில் துப்புரவு வேலை செய்யும் கலா அக்காவுக்குப் பதினோரு ஆண்டுகளாகக் காண்ட்ராக்ட் வாழ்க்கை. பெர்மனென்ட் வேலைக்கான இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. ஒன்பது மணிக்குள் சுரங்க அலுவலகத்தில் இருக்க வேண்டும். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த நானே அழைத்துச் செல்லும் பொறுப்பையும் ஏற்றிருந்தேன். கேஜ் அண்ணனின் குவார்ட்டர்ஸைக் கடக்கும்போது என் பழைய ஸ்கூட்டரின் பின்சக்கரம் தரையோடு படுத்தது. மாற்றுச் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தேன். ஓராண்டாக நான் கவனிக்காத அதுவும் தொளதொளத்தது.

"ஸ்டெப்னின்னா என்னா தம்பி, முதுவுல மாட்டிக்கினு போற அலங்காரமா?" என்றபடி வெளியே வந்தார் அண்ணன்.

வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. சக்கரம் உருளாமலிருக்க மரக்கட்டைகள், ஒரு விசில், சுரங்கத்துச் சிவப்புக் கொடி. கொடியைத் தாங்கியோடு சாலை நடுவில் நிறுத்தினார். எங்களை இருபதடி தள்ளி நிற்க வைத்தார். மிச்சக் காற்றையும் இறக்காமல் நட்டைத் தொட்டால் ரிம் பிளந்து முகத்தில் அடிக்கும் என்று விளக்கத் தொடங்கினார்.

"அண்ணே, இது ஸ்கூட்டருண்ணே. மணி எட்டரை ஆவுது," என்றார் அக்கா. கையிலிருந்த ஃபைலைத் திறந்து அழைப்புக் கடிதத்தைக் காட்டினார்.

"டம்பருக்கும் இதே சட்டந்தாம்மா."

அப்போது சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஷிப்ட் பேருந்து வந்தது. சுரங்கத்தில் சிவப்புக் கொடியைக் கண்டால் காரணம் கேட்காமல் நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்துவிட்டார். பிறகுதான் கொடியின் பின்னால் ஒரு ஸ்கூட்டர் இருப்பதைக் கண்டார். உள்ளிருந்து நாற்பது பேர் அண்ணனுக்கு அறிவுரை வழங்கத் தொடங்கினர். இதை அவரும் எதிர்பார்க்கவில்லை. பேருந்தைப் பார்த்தார், அக்காவின் ஃபைலைப் பார்த்தார். ஓட்டுநரிடம் சென்றார்.

"இந்தம்மாவுக்கு ஒம்போது மணிக்கு இன்டர்வியூ. ஏத்திக்கினா கொடி எறங்கும்."

நடுவழியில் யாரையும் ஏற்றக் கூடாது என்று ஓட்டுநர் விதியைச் சொன்னார். அண்ணன் விசிலை வாயில் வைத்து ஊதினார். மூச்சு வாங்கிவிட்டு மீண்டும் ஊதினார்.

"ஏறுக்கா, இல்லாட்டி மத்தியானம் வரைக்கும் ஊதுவாரு," என்றது ஜன்னலோரக் குரல்.

அக்கா ஏறினார். கொடி இறங்கியது. நாற்பது பேரின் ஐந்து நிமிடங்களையும் ஒருவரின் பதினோரு ஆண்டுகளையும் எடைபோட்டுப் பார்த்தேன். என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

கலா அக்கா பெர்மனென்ட் ஆனார். அண்ணன் ஓய்வுபெற்றுக் காடாம்புலியூருக்குச் சென்றுவிட்டார். ஞாயிறுதோறும் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடேறாதபோதே, மாற்றுச் சக்கரம் உட்பட மூன்றுக்கும் காற்றுப் பார்க்கிறேன். அளவைத் தொலைபேசியில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புகிறேன்.