பார்க்கிங்ல புல்லி ஆடுது

இன்னிக்குக் காலையில எனக்கு ஒரே ஒரு வேலை. என் பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல 'கர்ர்'னு ஏன் சத்தம் வருதுன்னு கண்டுபிடிக்கணும்.

ரெண்டே கதவு, சிவப்புக் கலர், பார்க்க அம்சமா இருக்கும். ஓடாது. அது ஒண்ணுதான் குறை.

வீட்டம்மா மார்க்கெட் கிளம்பும்போதே சொல்லிட்டாங்க: "இன்னிக்கு வண்டி இந்த கேட்டைத் தாண்டணும். இல்லைன்னா சாயந்தரம் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுடுவேன்."

விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியல.

உடனே சார்லிக்குப் போன் போட்டேன். கோலார் தங்கவயல்காரன், இப்போ பீன்யாவுல மெக்கானிக். இன்ஜின் சத்தத்தைப் போன்ல கேட்டே ஜாதகம் சொல்லுவான்.

"மச்சி, கிராங்க் புல்லி போயிருக்கும். பெல்ட்டை ஓட்டுற சக்கரம்டா. உள் வளையம், வெளி வளையம், நடுவுல ரப்பர். ரெண்டு வளையத்துக்கும் குறுக்கே ஒரு கோடு போடு. ஸ்டார்ட் பண்ணி நிறுத்து. கோடு விலகியிருந்தா ரப்பர் காலி!"

சாக்பீஸ் கிடைக்கல. வீட்டம்மாவோட நெயில் பாலிஷ் கிடைச்சுது. கோடு போட்டேன், ஸ்டார்ட் பண்ணேன், நிறுத்தினேன். அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தா, கோடு ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிக்குது!

கண்டுபிடிச்சுட்டேன்! நானே!

கை முழுக்க கிரீஸ். அதனால சார்லிக்கு வாட்ஸப் மெசேஜை வாயாலயே சொன்னேன். போன் அதைத் தமிழ்ல எழுதி அனுப்பிடுச்சு. நான் படிச்சுப் பார்க்கல.

போன் எழுதினது இது: "பார்க்கிங்ல புலி ஆடுது. உறுமல் தாங்கல. நான் அடியில படுத்திருக்கேன். சீக்கிரம் வா."

போனது சார்லிக்கு இல்லை. கிரீஸ் விரல் வழுக்கி, அவன் பேருக்குக் கீழே இருந்த எங்க ஈஜிபுரா அபார்ட்மென்ட் குரூப்புக்கு!

இது எதுவும் எனக்கு அப்போ தெரியாது. எந்திரிச்சுப் பார்த்தா, வாட்ச்மேன் கேட்டை வெளியே இருந்து சங்கிலி போட்டுப் பூட்டிட்டு இருக்கார். முதல் மாடி பரிமளா ஆன்ட்டி பால்கனியில தொங்குறாங்க.

"தம்பி! உயிரோடதான் இருக்கீங்களா? புலி எங்கே?"

ஆன்ட்டிக்கு 'புல்லி'ன்னு வாய்ல வரல போலன்னு நினைச்சுக்கிட்டேன். "இங்கதான் ஆன்ட்டி, முன் சக்கரத்துக்குப் பக்கத்துல."

"பெருசா?"

"சே சே, ரெண்டு கையில அடங்கிடும்."

"ஐயோ, குட்டி!" ஆன்ட்டி வீட்டுக்குள்ள திரும்பிக் கத்தினாங்க. எந்தக் குட்டின்னு எனக்குப் புரியல.

"எப்போ தம்பி வந்துச்சு?"

"வண்டி வாங்கின நாள்ல இருந்தே இங்கதான் சுத்துது ஆன்ட்டி."

ஆன்ட்டி பால்கனிக் கதவைச் சாத்திட்டாங்க.

அதுக்குள்ள கேட்டுக்கு வெளியே தெருவே கூடிடுச்சு. நம்ம வண்டிக்கு இவ்வளவு ரசிகர்களான்னு எனக்குப் பெருமை தாங்கல. "சத்தத்தைக் கேக்குறீங்களா?"ன்னு சாவியைத் திருகினேன்.

கர்ர்ர்ர்ர்!

தெருவே அலறுச்சு. அதே நொடியில வெளி வளையம் கழண்டு, வண்டிக்கு அடியில இருந்து பாய்ஞ்சு, கேட்டுக்குக் கீழே நுழைஞ்சு ரோட்டுக்கு ஓடிடுச்சு.

"ஹுலி பந்து! ஹுலி!"ன்னு கன்னடத்துல கத்திக்கிட்டே வாட்ச்மேன் இளநீர் வண்டி மேல ஏறிட்டார்.

ஹுலி வந்துடுச்சா? அதாவது புலியா? அப்போதான் எனக்கு உறைச்சுது. பதறிப்போய்க் கேட்டுக்கு ஓடினேன்.

வளையம் உருண்டு உருண்டு ஒருத்தர் கால்கிட்ட போய்ச் சாய்ஞ்சுது. கக்கத்துல கீரைக்கட்டோட வீட்டம்மா. குனிஞ்சு எடுத்தாங்க. ஒரு கையில வளையம், ஒரு கையில போன். குரூப்பைப் படிச்சுட்டாங்க.

"இது என்னோட நெயில் பாலிஷ்தானே?"

நான் கேட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன். "அதை விடும்மா. நீ சொன்ன மாதிரியே கேட்டைத் தாண்டிடுச்சு பாரு!"

"தாண்டினது புலி. வண்டி உள்ளேதான் நிக்குது."