ஷௌகத் அலி அண்டு சன்ஸில் ஒரு பந்து

அன்று காலை அந்தக் கண்ணாடி அறைக்குள் இருந்தவர்கள் ஐந்தே பேர்: முதலாளி ஷௌகத் அலி, அவர் மனைவி சுக்ரா, மகன் ஃபக்ருதீன், டைப் அடிக்கும் ஜெபசீலி, குடோன் பார்க்கும் கங்கப்பன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், "நானும் அங்கதான் நின்னுட்டிருந்தேன்" என்று பின்னால் ஓசூர் பஜாரில் பாதிப் பேர் சொல்லித் திரிந்தார்கள். அவர்களில் ஒருவரும் இல்லை.

இந்த ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர் திரையில் 'ஷௌகத் அலி அண்டு சன்ஸ்' என்ற பெயரின்மேல் சின்னதாக ஒரு பந்து வந்து விழுந்தது. விழுந்தது, துள்ளியது, மூலையில் போய் முட்டித் திரும்பி வந்து மறுபடியும் பெயரின்மேலேயே குதித்தது.

"யாரு இதுல விளையாட்டு போட்டது?" என்றார் ஷௌகத் அலி.

"நான் ஒண்ணுமே அழுத்தல சார். தானா வந்துச்சு." ஜெபசீலிக்கு அப்போதே குரல் உடைந்துவிட்டது.

"ஏனு ஸ்வாமி இது!" என்று கங்கப்பன் கன்னடத்தில் வாயைப் பிளந்தான்.

"அழகாத்தான் துள்ளுது" என்றாள் டீ கொண்டுவந்த சுக்ரா.

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ மேல போ."

கடைக்கு மேலேயே வீடு. ஆனால் சுக்ரா போகவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

ஃபக்ருதீன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அத்தா, இது வைரஸ். எவனோ வேலையத்தவன் எழுதி விட்ட புரோகிராம். ஸ்விட்ச் போட்டதும் மெஷின் முதல்ல படிக்கிற இடம் ஒண்ணு இருக்கு பாருங்க, அங்க போய்க் குந்திக்கும். மெஷின் கண்ணு முழிக்கிறப்பவே அதுவும் முழிச்சுக்கும்."

"நம்ம மெஷினுக்கு எப்படி வந்துச்சு?"

"கெட்டுப்போன ஃப்ளாப்பிய யாராச்சும் உள்ள வச்சிருக்கணும்."

ஷௌகத் அலி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தக் கடை அவர் தகப்பனார் காலத்தில் தகரக் கொட்டகையாக இருந்தது. இன்று சிப்காட்டின் பெரிய ஃபேக்டரிகளுக்கே அங்கிருந்துதான் போல்ட்டும் நட்டும் போகிறது. எடையில் குறை, சரக்கில் மட்டம் என்று ஒருவனும் படியேறி வந்து கேட்டதில்லை. கம்ப்யூட்டர் அறைக்குள் அவரே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்ட இடத்தில் அசிங்கம் பிடித்த ஒரு ஃப்ளாப்பியா?

"என் பைபிள் மேல சத்தியமா நான் வெளிய இருந்து எதுவும் கொண்டாரல சார்."

"நானு தூசி தட்டக்கூட உள்ள வர்றதில்ல பாய். இன்னிக்குத்தான் வந்தேன்."

"சரி, எடுத்துத் தொலை" என்றார் மகனிடம்.

"எனக்குத் தெரியாது அத்தா. ஓசூர்ல இத எடுக்கத் தெரிஞ்சவரு ஒருத்தருதான்."

"யாரு?"

ஃபக்ருதீன் தரையைப் பார்த்தான். ஜெபசீலி கீபோர்டைப் பார்த்தாள். சுக்ரா கூரையைப் பார்த்தாள். ஷௌகத் அலிக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பேரு இந்தக் கடையில கேக்கக் கூடாது."

அந்தப் பெயர் கௌஸ் மொய்தீன். போச்சம்பள்ளிக்காரன். அவனுடைய தகப்பன் ஒரு காலத்தில் ஷௌகத் அலியின் லாரியில் மூட்டை ஏற்றியவன். அந்த வீட்டிலிருந்து தன் மகள் தாஹிராவைப் பெண் கேட்டு வந்தபோது, உட்காரச் சொல்லாமலே அனுப்பி வைத்தவர் ஷௌகத் அலி. தாஹிரா அவனைத்தான் கட்டினாள். கிருஷ்ணகிரியில் அவள் சித்தப்பா முன்னின்று நிக்காஹ் முடித்து வைத்தார். அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முன்னால், ஜமாஅத்தார் அத்தனை பேரும் கேட்க, "அவன் வூட்டுப் படிய என் காலு மிதிக்காது" என்று ஷௌகத் அலி சொன்னார். சொன்னது சொன்னதுதான்.

கௌஸ் மொய்தீன் தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு தையல் கடைக்கு மேலே கம்ப்யூட்டர் ரிப்பேர் போர்டு மாட்டினான். பின்னாலிருந்த அறையில் குடித்தனம். ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் எல்லாம் அந்தப் படியில் ஏறி இறங்கினார்கள். ஷௌகத் அலி மட்டும் அந்த இடம் வந்தால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கமாக நடந்தார்.

ஆகவே, கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் அற்புதராஜை வரவழைத்தார். மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "தம்பி, இது வெளிய போகக் கூடாது" என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்.

"கல்லறை மாதிரி இருப்பேன் சார்" என்றான் அற்புதராஜ். தன் பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்து மெஷினில் சொருகினான். "ஒண்ணும் பயப்படாதீங்க. உள்ள இருக்கற எல்லாத்தையும் அழிச்சிட்டா அதுவும் சேந்து போயிரும்."

அழித்தான். சரக்குப் பட்டியல் போனது. பார்ட்டி விலாசங்கள் போயின. திரை துடைத்து வைத்த மாதிரி கறுப்பாக இருந்தது. ஷௌகத் அலி பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் பந்து வந்து துள்ளியது.

"தம்பி, எல்லாத்தையும் அழிச்சிட்டு அத மட்டும் விட்டுட்டீங்களே!"

"அது மெமரியில குந்திக்கிச்சு சார். நான் இந்தப் பக்கம் அழிக்க அழிக்க, அந்தப் பக்கம் தன்னைத் தானே எழுதிக்குது. சுத்தமான ஃப்ளாப்பில ஆரம்பிச்சிருக்கணும்..."

மறுநாள் அற்புதராஜின் போன். "சார், என் ஃப்ளாப்பிலயும் ஏறிருச்சு போல. சென்டர்ல எல்லா மெஷின்லயும் பந்து ஆடுது. பசங்க கைதட்டுறானுங்க. பேசாம நம்ம கௌஸ் மொய்தீன் சார் கிட்ட..."

ஷௌகத் அலி போனை வைத்த சத்தம் குடோன் வரை கேட்டது.

அதன் பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பந்து எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கவில்லை. ஆடும்போது திரைமேல் ஒரு துண்டைப் போட்டுவிட வேண்டியது. அழிந்த பட்டியலை எல்லாம் ஜெபசீலி அழுதுகொண்டே மறுபடியும் டைப் அடித்தாள். சிப்காட் ஃபேக்டரி ஒன்றுக்கு அனுப்ப வேண்டிய டெலிவரி விவரத்தை வழக்கம்போல ஃப்ளாப்பியில் ஏற்றி அனுப்பினாள்.

அந்த ஃபேக்டரியின் பர்ச்சேஸ் ஆபீசர் அழகர்சாமி, மதுரைக்காரர். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நேராகக் கண்ணாடி அறைக்குள் வந்தார். செருப்புகூடக் கழற்றவில்லை.

"என்ன பாய், மெஷினுக்குக் குளிருதாக்கும்?"

"தூசி படுதுன்னு..."

அழகர்சாமி துண்டை இழுத்தார். பந்து, விருந்தாளியைக் கண்ட நாய்க்குட்டி மாதிரி குதித்தது.

"அட, இங்கிட்டும் இதே பந்துதானா! அப்ப எங்க ஆபீஸ்ல ஆடுறது உங்க ஃப்ளாப்பியில வந்ததுதான்."

ஷௌகத் அலி துண்டை எடுத்து மறுபடியும் திரைமேல் போட்டார்.

"எம்.டி. கூப்பிட்டுக் கேட்டாரு பாய், எந்தக் கடை ஃப்ளாப்பின்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் சொல்லல. உங்க மொகத்துக்காகத்தேன். சனிக்கிழமைக்குள்ள மெஷினச் சுத்தமாக்கிட்டு வந்து சொல்லுங்க. இல்லேன்னா உங்க பேரச் சொல்லித்தான் ஆகணும். அப்புறம் போல்ட்டு வேற எடத்துலதான்." வாசலில் நின்று திரும்பினார். "தேன்கனிக்கோட்டை ரோட்டுல ஒருத்தர் இருக்காரு. கெட்டிக்காரர். உங்காளுகதான் பாய்!"

அன்று ஷௌகத் அலி சோற்றில் கை வைக்கவில்லை. தனக்குத் தகப்பனார் வைத்த பெயர். அதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற மாதிரி ஒரு ஃபேக்டரியில் உச்சரிக்கப் போகிறார்கள்.

"நான் மச்சான்கிட்ட எடுத்துட்டுப் போறேன் அத்தா" என்றான் ஃபக்ருதீன்.

"வேணாம். வாய விட்டது நான். நானே போறேன்."

போவது என்று ஆனபின் ஊருக்குத் தெரியாமல் போக வேண்டும். மாம்பழ சீசன். ஒரு பழக்கூடையில் வைக்கோல் பரப்பி, கம்ப்யூட்டர் பெட்டியை அதற்குள் இறக்கி, மேலேயும் வைக்கோல் போட்டு மூடச் சொன்னார். கங்கப்பன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஷௌகத் அலி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தனக்கும் அந்தக் கூடைக்கும் சம்பந்தமே இல்லாதவர்போலக் கொஞ்சம் தள்ளி வந்தார்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் ஒரு பூக்காரம்மா மறித்தாள். "பழம் என்ன வெல?"

"விக்கறதுக்கு இல்லம்மா."

"மல்கோவாவா? காட்டேன், தின்னுடவா போறேன்?" எட்டி வைக்கோலை விலக்கினாள். "ஐயய்ய, இரும்புப் பொட்டி!"

"கம்ப்யூட்டரும்மா" என்றான் கங்கப்பன், பெருமையாக, ரோடு முழுக்கக் கேட்கிற குரலில். "கெட்டுப் போச்சு. பாயோட மருமகன்கிட்ட போவுது."

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஷௌகத் அலி குடையை முகத்துக்கு நேராக இறக்கிக்கொண்டார். முன்னால் வந்த சைக்கிள் தெரியவில்லை. அதன்மேல் மோதி, சைக்கிள்காரனிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியதாயிற்று. வாழ்நாளில் அவர் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. அன்று நிறையப் பேர் பார்த்தார்கள்.

தையல் கடைப் பக்கத்தில் அந்தப் படிக்கட்டு. கங்கப்பன் முதல் படியில் கால் வைத்தான். ஷௌகத் அலியின் கால் எழவில்லை. செருப்பின் நுனி படியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதற்குள் மேலே எட்டிப் பார்த்த கௌஸ் மொய்தீன் திடுதிடுவென்று இறங்கி வந்தான்.

"மாமா, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்க ஏறாதீங்க."

ஷௌகத் அலிக்குக் காது மடல் சுட்டது. விரட்டுகிறானா?

"ஜமாஅத் முன்னாடி சொன்ன சொல்லு உங்களுது. என்னால அது கெட வேணாம். நான் எல்லாத்தையும் கீழ கொண்டாந்து பாக்கறேன்."

அவனைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. கௌஸ் மொய்தீன் மேலிருந்து மானிட்டரைத் தூக்கி வந்தான். தையல்காரர் துணிகளை ஒதுக்கி மேசை கொடுத்தார், பிளக்கும் கொடுத்தார். பெட்டியை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும், நடுரோட்டைப் பார்த்தபடி பந்து துள்ள ஆரம்பித்தது.

கூட்டம் கூடியது.

"யாரு வூட்டுது?"

"போல்ட்டு நட்டு பாயுது."

"அவருதானே இந்தப் பக்கம் வர மாட்டேன்னாரு?"

"தோ, கொடைக்குள்ள நிக்கறாரு பாரு."

ஷௌகத் அலி இடப்பக்கம் பார்த்தார், கூட்டம். வலப்பக்கம் பார்த்தார், கூட்டம். ஆள் இல்லாத இடம் அந்தப் படிக்கட்டு ஒன்றுதான். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு, விடுவிடுவென்று ஏறிவிட்டார்.

கதவைத் திறந்தது தாஹிரா.

ஷௌகத் அலி செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்.

"கீழ வெயில்" என்றார் ஷௌகத் அலி.

"உள்ள ஃபேன் இருக்கு அத்தா."

அவர் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள். டம்ளர் காலியான பிறகும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கௌஸ் மொய்தீன் வேலையை முடித்து மேலே வந்தான். கையில் ஒரு ஃப்ளாப்பி. அதன் ஓரத்திலிருந்த வெட்டை ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி அடைத்திருந்தான். "இத ஒட்டிட்டா இதுல எதுவும் எழுத முடியாது மாமா, பந்தும் ஏறாது. மெஷின இதுல முழிக்க வச்சுட்டு, அப்புறம் அத எடுக்கணும். எடுத்துட்டேன். ஆனா பிடிவாதமான சாதி இது. கடையில இருக்கற ஃப்ளாப்பி அத்தனையும் பாத்தாத்தான் அடங்கும்."

"ஃபேக்டரியில..."

"நானே போய் எடுத்துடறேன். எந்தக் கடையுதுன்னு கேட்டா, எங்கிட்ட வந்த ஃப்ளாப்பிங்க கலந்து போச்சு, தப்பு என்னுதுன்னு சொல்லிக்கறேன். நம்ம பேரு வெளிய வராது."

'நம்ம பேரு' என்றான். ஷௌகத் அலி தலை நிமிரவே இல்லை. மூட்டை தூக்கியவனின் மகன் என்று அவர் உட்காரச் சொல்லாமல் அனுப்பிய வீடு இது. அந்த வீட்டு நாற்காலியில்தான் இப்போது உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை அழகர்சாமி புது ஆர்டரோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் விருந்துக்கு வந்தார்கள். பிரியாணி அடுப்பில் இருந்தது. கடையில் மிச்சமிருந்த ஃப்ளாப்பிகளைக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து கௌஸ் மொய்தீன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் அவனைச் சுற்றி நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கங்கப்பன் வந்து வாயைத் திறந்தான்.

"பாய், டீக்கடையில ஒரு பேச்சு. மருமகனே வைரஸ ஏவி விட்டு மாமனாரப் படியேற வச்சுட்டாருன்னு சொல்லிக்கிறாங்க. ஊரே சிரிக்குது."

ஷௌகத் அலியின் முதுகு நிமிர்ந்தது. ஓசூரில் இதை எடுக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். எடுக்கத் தெரிந்தவனுக்கு ஏவத் தெரியாதா? அந்தப் படியில் சிந்திய மானம் எல்லாம் ஒரு தந்திரத்துக்காகவா?

"மாப்பிள்ளை, ஊர் பேசறது நெசமா?"

கௌஸ் மொய்தீன் எழுந்து நின்றுவிட்டான். "அல்லா மேல ஆணையா இல்ல மாமா. ரிப்பேருக்கு வர்ற கெட்டுப்போன ஃப்ளாப்பிங்கள ஒரு டப்பாவுல தனியா வச்சிருப்பேன். அத நான் தொடறதுகூட இல்ல..." பேச்சு பாதியில் நின்றது. அவன் தாஹிராவைப் பார்த்தான். தாஹிரா தன் அம்மாவைப் பார்த்தாள்.

சுக்ரா டீ டம்ளர்களை மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"ஊர் பேசறது பொய்யி. அவருக்கு ஒண்ணும் தெரியாது. தாஹிராகிட்ட கேட்டு, அந்த டப்பாவுலேர்ந்து ஒண்ண வாங்கியாந்து மெஷின்ல சொருகினது நானு."