லிஃப்டை நிறுத்திப் பிடித்த டாக்டர்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். அப்பாவும் நலம் என்று இம்முறை வெறும் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. ஆதாரம் கீழே வருகிறது. பெரியம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

படி ஏறினால் அப்பாவுக்கு நெஞ்சை அடைப்பதும், இதய நிபுணரிடம் காட்டும்படி எங்கள் தெரு டாக்டர் எழுதிக் கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். எந்த நிபுணர் என்பதில்தான் வண்டி நின்றுவிட்டது. நீங்கள் ஃபோனில் அனுப்பும் மருத்துவச் செய்திகளை உரக்க வாசிப்பது என் பொறுப்பு. நடப்பது இதயத்துக்கு நல்லது என்ற செய்தியை அப்பா படுத்தபடியே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு டாக்டருக்கு வயது போதாது, இன்னொருவர் ஃபோட்டோவில் சிரிக்கவில்லை. "டாக்டர் பாக்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா?" என்று அம்மா கேட்டார். அப்போது பார்த்து, தினமும் படி ஏறுகிறவர்களின் இதயம் பலமாக இருக்குமென்று நீங்கள் ஒரு செய்தி அனுப்பினீர்களே, அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"தன் நெஞ்சையே பாத்துக்கத் தெரியாதவரு என் நெஞ்சை எப்படிப் பாத்துப்பாரு?" என்று சொல்லிவிட்டு, அப்பா தாம் லிஃப்ட் பராமரிக்கும் மருத்துவக் கட்டடத்துக்கு என்னையும் அழைத்துப்போனார். நோயாளிகளின் லிஃப்டைத் தொடவில்லை. டாக்டர்களின் லிஃப்டை மட்டும் நிறுத்தி, 'பராமரிப்பு' என்று பலகை மாட்டிவிட்டு, எந்த டாக்டர் இரைக்காமல் ஏறுகிறார் என்று பார்க்க மூன்றாம் மாடிப் படித்திருப்பத்தில் காத்து நின்றோம். அதற்குள்ளேயே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஒருவர் விசிலடித்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி எங்களைக் கடந்தார். "இவருதான்மா!" என்று அப்பா அவர் பின்னால் ஓடினார், பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விசில்காரர் திரும்பி வந்து, "ஐயோ, நான் பல் டாக்டருங்க! அசையாம உக்காருங்க, ஆளைக் கூட்டிட்டு வரேன்" என்று மேலே ஓடினார். அந்நேரம் கீழிருந்து ஒரு குண்டு மனிதர், கைப்பிடியைப் பற்றி, படிக்கொரு பெருமூச்சாக ஏறிவந்து அப்பா பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தார். "லிஃப்டை நிறுத்துன மகராசன் யாருப்பா?" அப்பா கையைத் தூக்கினார். தூக்கிய கையைப் பிடித்தவர் விடவேயில்லை, நாடியில் விரல் வைத்து, "பேசாதீங்க. எத்தனை நாளா இப்படி?" என்றார். அவர்தான் இதய நிபுணர்!

அன்றைக்கே எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. சின்ன அடைப்புதானாம், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் பெரிதாகியிருக்கும், இப்போது மாத்திரையே போதுமாம். "அவருகிட்ட என் கஷ்டத்தைச் சொல்லவே வேண்டியதில்ல. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இரைச்சுது" என்று அப்பா பூரித்துப்போகிறார். மாத்திரையைத் தாமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். இனிக் காரணமின்றி எந்த லிஃப்டையும் நிறுத்துவதில்லை என்று அம்மாவிடம் சத்தியமும் செய்துவிட்டார். டாக்டர் தேடும் படலம் இனிதே முடிந்ததால், நீங்கள் சொன்னபடி லீவு போட்டு வர வேண்டியதில்லை.

பெரியம்மாவுக்கு என் வணக்கம், அண்ணனுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பி.கு.: மறுபரிசோதனைக்குப் போன அப்பா இப்போதுதான் திரும்பினார். அன்று படி ஏறியதிலிருந்து டாக்டருக்கும் நெஞ்சை லேசாக அடைக்கிறதாம். தமக்குத் தாமே வைத்தியம் பார்க்கக் கூடாதாம், யாரிடம் போவதென்றும் தெரியவில்லையாம். "நீங்க கவலைய விடுங்க சார், நான் பாத்துத் தரேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, 'பராமரிப்பு' பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பெரியப்பா, லீவு போட்டுவிட்டு உடனே வாருங்கள்.