நாட்டுப்பண் மேஸ்திரி

கட்டட மேஸ்திரியைப் பார்த்திருப்பீர்கள், ரோட்டு மேஸ்திரியைப் பார்த்திருப்பீர்கள். விழா முடிவில் நாட்டுப்பண் தொடங்கியதும் தானாகவே வேலையில் சேர்ந்துகொள்ளும் நாட்டுப்பண் மேஸ்திரியைக் கவனித்திருக்கிறீர்களா? சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. திருநகர் இன்பசேகரன் அந்த இனத்தில் முதல் தரம்.

நன்றியுரை ஆரம்பிக்கும்போதே மனிதர் வாசற்பக்கம் நகர்ந்துவிடுவார். பழங்காநத்தம் பஸ்ஸைப் பிடிக்க நைசாக நழுவுகிறவர்களையும், டிபன் பொட்டல வரிசையில் முந்திக்கொள்ளப் பார்க்கிறவர்களையும், செருப்பைத் தேடுவதுபோல நடிக்கிறவர்களையும் ஒரே முறைப்பில் உள்ளே திருப்பி அனுப்புவார். பாட்டு தொடங்கினால் உடம்பு விறைத்துவிடும். கண் மட்டும் கூட்டத்தை மேயும். எவன் கொட்டாவி விடுகிறான்? எவன் வாய் அசையவில்லை? அவருடைய வாயும் அசையாது என்பது வேறு விஷயம். வேலை நேரத்தில் யார் பாடுவார்கள்?

இந்த வருஷப் பள்ளி ஆண்டு விழா அவருக்குச் சாதாரண விழா இல்லை. மனைவி ஆனிமேரி அந்தப் பள்ளியில் பாட்டு டீச்சர். ஓய்வு பெறுவதற்கு முன் அவர் மேடையேறி நாட்டுப்பண் பாடப்போகும் கடைசி விழா. "இந்த ஒரு தடவையாச்சும் மேடையைப் பாருங்க. வேற எதுவும் கேக்கல," என்று காலையிலேயே சொல்லிவைத்தார். இன்பசேகரன் சத்தியம் செய்து கொடுத்தார். மனதாரத்தான் செய்தார், பாவம்.

பாட்டு தொடங்கியது. மூன்றாவது வரிசையில், மகளை அங்கே படிக்கவைக்கும் விவசாயி முத்துக்குமரன் குனிந்து காலைச் சொறிந்தார். போச்சு. அப்புறம் மேடையாவது, சத்தியமாவது! மேஸ்திரியின் கண் அந்தக் காலை விட்டு நகரவே இல்லை. பாட்டு முடிந்ததும் நேரே விசாரணைக்குப் போனார்.

"கொசுண்ணே," என்றார் முத்துக்குமரன்.

"எல்லையில நிக்கிறவனைக் கொசு கடிக்காதா?"

எல்லை நிலவரம் தனக்குத் தெரியாது, ஆனால் தன் வயக்காட்டில்கூட இம்புட்டுக் கொசு இல்லை என்று சொல்லிவிட்டு முத்துக்குமரன் பொட்டலம் வாங்கப் போய்விட்டார். ஆளைப் பிடித்துவிட்ட பூரிப்போடு மேஸ்திரி திரும்பினார். எதிரே ஆனிமேரி.

"அடடா மேரி, இன்னைக்கு உன் குரல் கணீர்னு இருந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

ஆனிமேரி கரகரத்த குரலில் சொன்னார்.

"எனக்குத் தொண்டை கட்டிருச்சு. ஷெரின் டீச்சரைப் பாடச் சொல்லிட்டு, கடைசித் தடவையில உங்ககூடவாச்சும் நிப்போம்னு பக்கத்துல வந்து நின்னேன். கையைக்கூடப் புடிச்சேன். தட்டிவிட்டீங்க."

ஆனிமேரி பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன சுதந்திர தின விழாவில், பாட்டு ஓடும்போது செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாரே ஒருவர், அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்? சட்டென்று நினைவுக்கு வந்துவிட்டதா? அப்படியே, அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நின்றது யார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.